வழிகாட்டி மலரில் விடுபட்டுப் போன படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டி மலரை எங்கள் வீட்டில் மூன்று பேர் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தோம். என் அண்ணன் மகளுக்காக வாங்கியது. எம்.பி.பி.எஸ்., நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், ஆப்டோமெட்ரி வரை எல்லாம் இருந்தது, பட்டம் முடித்தவர்களுக்கு மேலே என்ன படிக்கலாம் என்று தனிப் பக்கம்கூட இருந்தது. அதில் நான் படித்த படிப்பு மட்டும் இல்லை. அது சுகாதாரக் கல்வி, அதாவது நோய், மருந்து, தடுப்பூசி பற்றி மக்களிடம் பேசிப் புரியவைக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு.

விலங்கியலில் பி.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு 32 வயதில் அதில் சேர்ந்தேன். "நோட்டீஸ் கொடுக்கறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று மாமியார் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படிப்பை முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனபோது அங்கே இருந்தவரும் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நர்ஸ் இல்லைன்னா ரிசப்ஷன்ல உட்காருறீங்களா?" என்றுதான் கேட்டார்.

இது நேற்று முளைத்த படிப்பும் இல்லை. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநலப் பயிற்சி நிறுவனம் 1964இலிருந்து இருக்கிறது. அதற்கும் முன்னால், 1959இல், ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் காந்திகிராமத்தார் ஒரு சோதனைத் திட்டம் நடத்தினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை வீடு வீடாக எப்படிப் பேசிப் புரியவைப்பது என்பதற்கு நாடே திரும்பிப் பார்த்த இடம் அது. பட்டதாரிகள் இந்த நிறுவனத்தில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ படிக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் எம்.பி.எச். என்ற இரண்டு வருட பொது சுகாதார முதுநிலைப் பட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல படிப்புதான், ஆனால் நான் பார்த்தவரை அதில் புள்ளியியலும் நோய்ப் பரவல் கணக்கும்தான் முக்கால்வாசி, சுகாதாரக் கல்வி ஒரு பேப்பரோடு முடிந்துவிடும்.

அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், ஒரு சின்னக் கதை சொல்கிறேன். 1950களில் அமெரிக்காவில் காசநோய் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். காசு கிடையாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி நிற்கிறது, ஆனாலும் நிறைய பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அங்கே சுகாதாரத் துறையில் இருந்த உளவியல்காரர்கள் யோசித்ததில் பிறந்ததுதான் நாங்கள் முதல் பருவத்தில் படித்த முதல் பாடம். தனக்கு அந்த நோய் வரும் என்று ஒருவர் நினைக்கிறாரா, வந்தால் பெரிய விஷயம் என்று நினைக்கிறாரா, போனால் பலன் உண்டு என்று நம்புகிறாரா, போக முடியாமல் எது தடுக்கிறது. இதைக் கேட்காமல் மைக்கைப் பிடித்துப் பேசிப் பிரயோசனமில்லை.

களப்பணியில் நிலக்கோட்டைப் பக்கம் ஓர் அக்காவைப் பார்த்தேன். சர்க்கரை மாத்திரை டப்பா கிட்டத்தட்ட முழுசாக அப்படியே இருந்தது. எங்கள் கூட வந்தவர் கால் எடுக்க வேண்டி வரும், கண் போய்விடும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார், அந்த அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் நான் தனியாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். விடியும் முன்னே மல்லிகை பறிக்கப் போகிறார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போன இரண்டு நாளும் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பூ பறிக்கும் கூலி எடைக்கு எடை, உட்கார்ந்தால் காசு போச்சு. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் விஷயம். டாக்டரிடம் சொன்னோம், அவர் மாத்திரை வேளையைச் சாப்பாட்டோடு ஒட்டி மாற்றிக்கொடுத்தார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது, நல்ல திட்டம், மறுக்கவில்லை. வாசலில் இருந்து வாய்க்குப் போக வேண்டாமா?

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டது உங்கள் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப்பில் வந்த புரளியில் பெற்றோர் மிரண்டு போய், முடிகிற தேதியை நீட்டிக்க வேண்டியதாயிற்று. "பாதுகாப்பானது" என்று போஸ்டர் ஒட்டினார்கள். என் மகள் பள்ளிக்கூட வாசலில் நின்ற அம்மாக்கள் கேட்டதோ வேறு: "ஏற்கெனவே போட்டாச்சே, திரும்ப எதுக்கு?" அதற்குப் பதில் எந்தப் போஸ்டரிலும் என் கண்ணில் படவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். இதைப் படித்தால் லட்சத்தில் சம்பளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வட்டார விரிவாக்கக் கல்வியாளர் என்று ஒருவர் இருப்பார், இந்தப் படிப்புக்கு மரியாதை வந்ததே அந்தப் பதவியால்தான். இப்போது எங்கள் செட்டில் படித்தவர்களில் பெரும்பாலானோர் தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடிகிற வரை என்ற ஒப்பந்தத்தில்தான் இருக்கிறோம், நானும் அப்படித்தான். சேருகிறவர்கள் யார் சான்றிதழ் தருகிறார்கள், அரசுப் பணிக்கு அது செல்லுமா, களப்பணி எத்தனை வாரம் என்ற மூன்றையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். களப்பணி இல்லாத இடமாக இருந்தால் ஃபீஸ் கட்டாதீர்கள்.

அண்ணன் மகள் ஆப்டோமெட்ரி எடுக்கப் போகிறாளாம், அது அவள் இஷ்டம். அடுத்த வருட மலரில், பட்டதாரிகளுக்கான அந்தப் பக்கத்தில் ஒரு ஐந்து வரி சுகாதாரக் கல்விக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வேலை குறைவு என்பதையும் அந்த ஐந்து வரிக்குள்ளேயே போட்டுவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்