நோய்க்குறியியல் மருத்துவரை நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மலை வட்டப் பொதுமக்கள்

பெறுநர்: உயர்திரு இணை இயக்குநர் அவர்கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்

பார்வை: பதில் கிடைக்கப்பெறாத எங்கள் முந்தைய மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மலைப்பாதையையும் அரசு மருத்துவமனையையும் தாங்கள் நேரில் ஆய்வு செய்திருப்பதால் ஊரைப் பற்றி விவரிக்கவில்லை. அங்கு பணியாற்றிய, செல்லையும் திசுவையும் ஆய்ந்து நோயைக் கண்டறியும் நோய்க்குறியியல் மருத்துவர் ஓய்வுபெற்ற பின் அப்பணியிடம் காலியாகவே உள்ளது.

1. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளை ஆய்வக நுட்பநர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அவர்கள்மீது எங்களுக்குக் குறையில்லை. ஆனால் கழுத்திலோ மார்பிலோ கட்டியுடன் வருபவருக்கு, அது சாதாரணக் கட்டியா புற்றா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லை. முன்பு அந்த மருத்துவரே மெல்லிய ஊசியால் செல் எடுத்து, ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி, பெரும்பாலும் மறுநாளே முடிவு சொல்லிவிடுவார்.

2. இப்போது பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் உள்ள டப்பாவில் போட்டு உறவினர் கையிலேயே கொடுத்து, மாவட்டத் தலைநகரிலுள்ள மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். துணுக்கைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும் என்பதும், மார்பகத் திசு 72 மணி நேரத்துக்கு மேல் அதில் கிடந்தால் சிகிச்சையை முடிவு செய்யும் ஹார்மோன் சோதனை பிழையாகக்கூடும் என்பதும் தோட்டக் கூலிக்குப் போகும் கணவனுக்கு எப்படித் தெரியும்? மழையில் மண் சரிந்தால் பேருந்து ஓடாது. மூடி கசிந்து நெடியடித்ததால் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டவர்களும் எங்களில் உண்டு. முடிவை வாங்க மறுபடியும் மலையிறங்க வேண்டும், அன்றைய கூலியும் போகும். அந்த ஒரு தாள் இல்லாமல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைப்பதில்லை. தாள் வரும்வரை நோய் வளராமல் காத்திருக்குமா, ஐயா?

3. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அரசே முகாம் நடத்துகிறது. நன்றியோடுதான் வருகிறோம். ஆனால் "சந்தேகம்" என்ற சொல்லோடு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உறுதி செய்ய ஆள் வைக்காமல் இருப்பது எந்த வகையில் நியாயம்? அவள் இரவு எப்படி உறங்குவாள்?

4. எங்கள் முந்தைய மனுக்களுக்கு, முடியாது என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எனவே இப்பணியிடத்தை உடனே நிரப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதுவரை மாற்றுப்பணியில் வாரம் இரண்டு நாளாவது ஒரு நோய்க்குறியியல் மருத்துவரை அனுப்பவும், திசு மாதிரிகளைப் பதிவேட்டில் ஏற்றி மருத்துவமனை வாகனத்திலேயே கொண்டுசெல்லவும் ஆணையிட வேண்டுகிறோம். முழுநேரமாக இயலாவிட்டால் அந்த இரண்டு நாளையாவது தாருங்கள், ஐயா.

இப்படிக்கு,
மலை வட்டப் பொதுமக்கள்