கொடியில் எழுத்து வேண்டாம் என்று நாங்கள் சொல்வதன் காரணம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கும் வணிகர் சங்கத்துக்கும் ஊர் விளையாட்டுக் குழுவுக்கும் கொடி தைக்கச் சொல்லி வருபவர்களில் பலர், முத்திரை, பெயர், தொடங்கிய ஆண்டு, குறிக்கோள் வாசகம் ஆகிய அனைத்தும் துணியில் இடம்பெற வேண்டும் என்கிறார்கள். எழுத்தை விட்டுவிடலாமே என்று நாங்கள் சொல்லும்போது, வேலையைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறோமோ என்ற ஐயம் சிலருக்கு எழுகிறது. ஆகவே இந்த விளக்கம்.

கொடியை இருபுறமும் பார்ப்பார்கள். ஒற்றைத் துணியில் அச்சிட்டால் மை மறுபக்கம் இறங்கி, எழுத்து இடவலம் மாறித் தெரியும். இருபுறமும் நேராக வாசிக்க வேண்டுமானால், இரண்டு துணிகளில் தனித்தனியே அச்சிட்டு, ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாதபடி நடுவில் மூன்றாவது துணி கொடுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். அவ்வாறு தைத்த கொடி இளங்காற்றுக்கு விரியாமல் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றிலோ, அந்தக் கனமே இழுத்து, கம்பத்துக்கு எதிர்ப்புற மூலைகளில் தையலைப் பிரித்துவிடும்.

நம் தேசியக் கொடியை வகுத்தவர்களும் இதை எண்ணிப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய கொடியில் இராட்டை இருந்தது. சக்கரம் ஒரு முனையிலும் கதிர் மறுமுனையிலுமாக உள்ள இராட்டை, கொடியின் மறுபக்கத்தில் திரும்பித் தெரியும் என்பதை 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு எடுத்துச் சொன்னார். அதனால் இராட்டையின் சக்கரம் மட்டும் நின்று, 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரமாயிற்று. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது ஒன்றே. நம் பாண்டி நாட்டுக் கயலும் அப்படித்தான்: திரும்பினாலும் மீன் மீனாகவே தெரியும், திரும்பிய எழுத்தை வாசிக்க முடியாது.

ஒரு நகரம் இதற்காகவே தன் கொடியை மாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள பொக்கடெல்லோ, மலைகளுக்கு நடுவே ரயில் பாதையால் வளர்ந்த சிறு நகரம். 2001இல் உருவான சின்னத்தை அப்படியே வெள்ளைத் துணியில் பதித்து, ‘பொக்கடெல்லோ எங்கள் பெருமை’ என்ற பொருள்படும் வாசகத்தோடு அதைக் கொடியாகப் பறக்கவிட்டார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் காப்புரிமைக் குறிப்புகூட இருந்தது. 2004இல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 150 நகரக் கொடிகளை மதிப்பிட்டபோது அதற்குக் கடைசி இடமே கிடைத்தது. அந்த ஊர் மக்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, குழு அமைத்து, பொதுமக்களிடம் வரைவுகள் கேட்டு, 2017இல் புதிய கொடியை ஏற்றார்கள். அதில் மூன்று மலைச் சிகரங்கள். உயர்ந்த சிகரத்தின் மேல், பாதைகள் கூடும் ஊர் என்பதைக் காட்டும் பொன்னிறத் திசைகாட்டி. அடியில் போர்ட்நெஃப் ஆற்றுக்கு ஒரு நீலக் கோடு. ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் அந்த மலையையும் ஆற்றையும் அறிந்தவருக்கு அது எந்த ஊர்க் கொடி என்று சொல்ல வேண்டியதில்லை. மோசமான கொடி என்று பேர் வாங்கிய ஊரே இப்படிப் பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்தது எங்களுக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

முத்திரை தாளுக்கும் பெயர்ப்பலகைக்கும் உரியது. அதை அருகில் நின்று பார்க்கிறோம். கொடியைத் தெருமுனையிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம், அதுவும் ஆடிக்கொண்டிருக்கும்போது. ஆகவே கொடி கேட்டு வரும்போது முத்திரையோடு, உங்கள் பள்ளிக்கோ சங்கத்துக்கோ உரிய ஒரே ஓர் அடையாளத்தையும் யோசித்து வாருங்கள். குளம், பனை, நெற்கதிர், தறி என எதுவாகவும் இருக்கலாம். இரண்டு அல்லது மூன்று நிறங்களில் வரைந்து, சிறிய மாதிரி ஒன்றைத் தைத்துக் கடை மாடியில் ஏற்றிக் காட்டுகிறோம். நீங்கள் தெருவில் நின்று பார்த்துச் சம்மதித்த பிறகே முழு அளவில் தைப்போம். பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, சுவரில் கட்டும் பேனராகத் தனியே அச்சிட்டுத் தருகிறோம். அதற்கு ஒரு பக்க அச்சே போதும் என்பதால் செலவும் குறையும்.

நன்றியுடன்,
கொடி தையலகத்தார்,
திருநெல்வேலி டவுன்.