ஆபரேட்டர் அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்றைக்கு போனில் கத்திவிட்டேன். கிடைத்த வாய்ப்பை உதறிவிட்டு வந்து நிற்கிறாயே, புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். நீ பேசாமல் வைத்துவிட்டாய். நடிப்பு உனக்கு, பாட்டு வேறொரு பெண்ணுக்கு என்று கடைசி நேரத்தில் மாற்றினார்களாமே. அம்மா அப்புறம்தான் சொன்னாள்.

ராத்திரி, நடித்துக்கொண்டே தன் பாட்டைத் தானே பாடிய நடிகை பானுமதி ஞாபகம் வந்தது. உனக்கு அவரை 'செம்பருத்தி' பாட்டியாகத்தான் தெரியும். நான் டூரிங் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' மறுபடி ஓட்டினோம். 1956இல் வந்தது, தமிழில் முதல் முழுநீளக் கலர்ப் படம். எங்களுக்கு வந்த பிரிண்டில் சிவப்பு மட்டும்தான் மிச்சம். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சியைத் தள்ளிக்கொண்டே ஓட்டை வழியாகத் திரையைப் பார்ப்பேன். 'மாசிலா உண்மைக் காதலே' வரும். எம்.ஜி.ஆர். வாயசைப்பார், குரல் ஏ.எம்.ராஜாவுடையது. பானுமதிக்கு மட்டும் முகமும் குரலும் ஒரே ஆள். அவரும் வாய்தான் அசைக்கிறார். ஆனால் எந்த இடத்தில் மூச்சு வாங்கினோம் என்று தெரிந்தவர் அசைப்பது வேறு மாதிரி இருக்கும். கழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒங்கோல் பக்கத்துக் கிராமத்துப் பெண். 1939இல் முதல் படம், அப்போது சின்னப் பெண். 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் தானே டைரக்ட் செய்து, இரட்டை வேடமும் போட்டார். அண்ணா அவரை 'நடிப்புக்கு இலக்கணம்' என்றார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வந்தது. அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது 'நாடோடி மன்னன்'. 1958, எம்.ஜி.ஆர். டைரக்ட் செய்த முதல் படம். இருவருக்கும் ஒத்துவரவில்லை, பானுமதி பாதியில் விலகிவிட்டார். அவருடைய பாத்திரத்தைச் சாகடித்துவிட்டுக் கதையை நகர்த்தினார்கள். அந்தப் படம் முக்கால்வாசி கறுப்பு வெள்ளை, கடைசியில்தான் கலர். நான் கலர் ரீலை ஏற்றும்போது பானுமதி செத்துப்போயிருப்பார். சரோஜாதேவி வருவார், கொட்டகையே விசிலடிக்கும். 'மிஸ்ஸம்மா' படமும் அப்படித்தான் கைநழுவி சாவித்திரிக்குப் போனது. விலகி வந்ததற்கு விலை இருந்தது பாப்பா. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அவரும் கணவர் ராமகிருஷ்ணாவும் சொந்தமாக பரணி பிக்சர்ஸ் வைத்திருந்தார்கள், பரணி ஸ்டுடியோவும் இருந்தது. யாரும் கூப்பிடாவிட்டால் தானே படம் எடுத்துக்கொள்ளலாம். உனக்கு இருப்பது ஒற்றை அறையும் ஒரு தம்புரா பெட்டியும். ஸ்டுடியோ இல்லாதவளுக்கு இவ்வளவு ரோஷம் கட்டுப்படியாகுமா என்ற பயத்தில்தான் கத்தினேன். நீ செய்தது தப்பென்று இல்லை.

இரண்டு மாத வாடகை ஜீபேயில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பாதே, அம்மா சண்டைக்கு வருவாள். அடுத்த மாதம் அவர்கள் வேறு வேடத்துக்குக் கூப்பிட்டால் போவதா வேண்டாமா என்பது உன் பாடு, நான் வாய் திறக்க மாட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது அந்தப் பாட்டைப் பாடு, உன்னைப் பாடவேண்டாம் என்றார்களே, அதை. எனக்குக் கேட்கவேண்டும்.

அப்பா