விழுகிற பல்தானே என்று விடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடி வட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான்.

சென்ற மாதம் என் தங்கையின் பேத்தி, ஏழு வயதுச் சிறுமி, தயிர்சாதத்தைக்கூட ஒரு பக்கமாகவே ஒதுக்கி மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், கீழ்வரிசையின் கடைசிப் பல்லில் எள் நுழையும் அளவுக்குக் கறுத்த பள்ளம். “பால் பல்தானே பெரியம்மா, விழுந்து முளைச்சிடும்” என்றாள் அவள் தாய். அது பால் பல் அன்று. பால் பற்கள் இருபதும் மூன்று வயதுவாக்கில் முளைத்து முடிந்துவிடுகின்றன; ஆறு வயதையொட்டி அவற்றுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் நான்கு முளைக்கின்றன. விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப் பல்லுக்குக் காத்திருக்கும் நம் வீடுகளில், இப்படி ஓசையின்றி வரும் பல்லை ஒருவரும் கவனிப்பதில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான வெடிப்புகளில் பிஸ்கட்டும் மிட்டாயும் அப்பிக்கொள்வதால், முளைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சொத்தை விழுந்துவிடுகிறது. போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது.

பால் பல்லையும் அலட்சியமாக விட முடியாது. சொத்தையால் அதை முன்னதாகவே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ள, பின்னால் வரும் பல் கோணலாகத்தான் வரும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள்தாம் முதலில் கெடுகின்றன; ஈறோரத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடு தெரியும் நிலையிலேயே பல் மருத்துவரிடம் காட்டிவிட்டால், பள்ளம் விழாமல் தடுத்துவிடலாம்.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில் தொடங்கித்தான் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும் அதே குழாயடியில், பட்டாணியளவு ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு நிமிடம் பல் துலக்கவும் அரசு வழிசெய்ய வேண்டும். ஆசிரியர்களுக்குக் கூடுதல் வேலைதான். ஆனாலும் பல்வலியால் கன்னம் வீங்கிப் பாடத்தில் மனம் செல்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேரை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்! மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசை போதும் என்பதை அங்கன்வாடிகளில் தாய்மார்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினர், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களைத் தனியே பார்த்துக் குறித்து, வெடிப்புகளைப் பூசி மூடும் சிகிச்சைக்கு அனுப்பிவைக்க வேண்டும். சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் தம் மாணவர்களை டெல்டா கிராமங்களுக்கு அனுப்பி இதில் உதவலாம். அறுவடை நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பேருந்தேற எந்தத் தாயால் முடியும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.