விட்டுவிடுகிறேன்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
6-4-2026

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நேற்று ஈஸ்டருக்குப் பாஸ்கு வாழ்த்துச் சொல்ல போன் பண்ணினாயே, என் குரலைக் கேட்டு "உடம்பு சரியில்லையா அப்பா?" என்றாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. பாஸ்கு அன்று மத்தியானம் நான் தெளிவாகப் பேசி நீ கேட்டதில்லை, அவ்வளவுதான். போனில் சொல்ல வாய் வரவில்லை.

என் தவக்காலக் கணக்கு உனக்குத் தெரியும். விபூதிப் புதன் முதல் 40 நாள் குடியைத் தொடமாட்டேன். காலண்டரில் எண்ணினால் பாஸ்குக்கு முந்தின பெரிய சனி வரை 46 நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறும் தபசுக் கணக்கில் சேராதல்லவா? அந்த ஆறு நாளும் குடித்தேன்! மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்திருந்துவிட்டு, பாஸ்கு விடிந்ததும் வட்டியும் முதலுமாக. மூன்று வருஷத்துக்கு முன் லீவு போட்டு வந்தாய். கறிச்சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். அன்று ராத்திரியே நீ பஸ் ஏறினாய். அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சனிக்கிழமை ராத்திரிப் பூசைக்குப் போனோம். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். கோயில் விளக்கை எல்லாம் அணைத்தும் முற்றம் பளிச்சென்று இருந்தது. புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, அதிலிருந்து ஆளுக்கொரு மெழுகுதிரி. வாசகங்கள் வரும்போது நான் தூங்கிவிடுவேன், செங்கடல் வாசகத்துக்கு மட்டும் முழிப்பு வரும். கடல் பேச்சாயிற்றே. மற்ற வாசகங்களைக் குறைத்தாலும் அதை விடக்கூடாதாம். சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: கடலைக் கடந்து தப்பித்த சனம், வனாந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு எகிப்தில் தின்ற மீனுக்கும் வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அழுததாம். அடிமையாகக் கிடந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு! எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. பாட்டிலை நினைத்து 40 நாளை எண்ணுகிறவன் வேறு யாராம்?

பிறகு ஞானஸ்நான வாக்குறுதி. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். "விட்டுவிடுகிறோம்" என்றது கோயில். வருஷா வருஷம் கூட்டத்தோடு சொல்லுகிறதுதான். எனக்கு வாய் திறக்கவில்லை. இரண்டாம் கேள்விக்கும் இல்லை. மூன்றாவதில், எல்லாரும் சொல்லி முடித்தபிறகு, "விட்டுவிடுகிறேன்" என்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். மெழுகு உருகி என் விரலில் வழிந்திருந்தது, அப்புறம்தான் சுட்டது.

நேற்று காலை வழக்கம்போல என் டம்ளரைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். மோர் கேட்டேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள், வர வெகுநேரம் ஆயிற்று.

ஒரு நாள் கதையை நீ நம்பவேண்டாம். 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஆண்டவர் கேட்டது 40 நாள், அரசாங்கம் 61 நாள் கேட்கிறது. போட்டெல்லாம் கரையில் கிடக்கும், கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கழிவும் இந்தத் தடவை கிடையாது.

லீவு கிடைத்தால் ஜூன் 14-க்குள் வா. புதிதாக ஒரு மண்சட்டி வாங்கி வந்தேன். அதைப் பழக்கிய பிறகுதான் கறி வைக்க முடியுமாம். அம்மா தினமும் கஞ்சித்தண்ணி ஊற்றி வைக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா