மஞ்சளில் காரீயத்தை அளந்து பாருங்கள், அளந்ததை வெளியே சொல்லுங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கிழங்கு பளபளவென்று தெரிவதற்காக மஞ்சளில் லெட் குரோமேட் பூசப்படுவதைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரிய சாயம் என்பதையும், அதில் பாதிக்கு மேல் காரீயம்தான் என்பதையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். மஞ்சளில் அது இருக்கவே கூடாது என்று விதி எழுதியதும், ஒரு கிராமில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்ததும் தங்களைப் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள்தான். எனவே நான் எழுத வந்தது மஞ்சளைப் பற்றி அல்ல. அந்த வரம்பு எழுதப்பட்ட தாளுக்கும் என் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. சென்ற ஆண்டு அவளுக்கு இரத்தசோகை என்று கண்டு இரும்புச்சத்து மருந்து கொடுத்தோம். மூன்று மாதமாகியும் ஏறவில்லை. வயிற்றுவலி என்று அடிக்கடி சுருண்டு படுப்பாள். பேச்சும் வயதுக்கு ஏற்றபடி வரவில்லை. எங்கள் நல்ல நேரம், குழந்தை மருத்துவர் ஒருவர் சந்தேகப்பட்டு இரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொன்னார். அந்தச் சோதனை எங்கள் ஊரில் இல்லை. இரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாள் கழித்து வந்த முடிவில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லி இரத்தத்துக்கு, 19 மைக்ரோகிராம் என்று இருந்தது. 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

மருந்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து 45க்கு மேல் போன குழந்தைகளுக்குத்தான் என்றும், இந்த அளவில் அது பயன்தராது என்றும் அவர் சொன்னார். பிறகு, "அம்மா, இதுக்கு வைத்தியம் ஒண்ணுதான். எதிலிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்துங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத் தாங்கள் தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த நோய்க்குக் கண்டுபிடிப்பதுதான் மருந்து. அந்த மருந்தைத் தேடும் வேலை எந்தக் கருவியும் அதிகாரமும் இல்லாத ஒரு தாயின் தலையில் வந்து விழுந்தது.

வீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன். கதவின் பழைய பெயின்ட், கண் மை, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அகற்றினேன். அத்தை ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் மேல்தான் உறவினர் எல்லோரும் பழி போட்டார்கள். தமிழில் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் பொதுவாக ஈயம் என்றே சொல்லி வருவதால் வந்த குழப்பம் அது. நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது என்று எடுத்துச் சொல்லியும் அத்தை அதைப் பரணில் ஏற்றிவிட்டார். நாற்பது வருடமாகத் தன் கையால் ரசம் வைத்த பாத்திரத்தால் பேத்திக்குக் கேடு வந்ததோ என்று பல இரவுகள் தூங்காமல் இருந்தார். மஞ்சளை மட்டும் நாங்கள் சந்தேகப்படவே இல்லை. கடையில் விற்கும் தூளில்தான் கலப்படம் இருக்கும் என்று எண்ணி, விரலி மஞ்சளாகப் பார்த்து வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் எங்கள் கண்முன்னே அரைத்து வைத்திருந்தோம்.

கடைசியில் மஞ்சளையும் ஓர் ஆய்வகத்தில் கொடுத்தோம். பணம் கட்டி வாங்கிய அறிக்கையில் "செயற்கை நிறம் இல்லை" என்று இருந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்து, அன்றிரவும் இருமலுக்கு அவளுக்குப் பாலில் மஞ்சள் போட்டுக் கொடுத்தேன். காரீயம் என்ற கட்டமே அந்த அறிக்கையில் இல்லை என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொன்னார். உலோகங்களை அளக்கும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒரு கிராமில் 412 மைக்ரோகிராம் என்று வந்தது. பாலில் நான் போட்ட கால் தேக்கரண்டியில் மட்டும் ஏறத்தாழ 300 மைக்ரோகிராம் இருந்திருக்கிறது. ஒரு குழந்தைக்கு உணவு வழியாக ஒரு நாளில் 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கணக்கு வைத்திருக்கிறது. நல்லது என்று நம்பி, ஊதி ஆறவைத்து, மடியில் உட்கார வைத்து நானே புகட்டினேன்.

எந்த ஆய்வகம், எந்தக் கடை என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓய்வது என் நோக்கமல்ல. அந்தக் கடைக்காரரிடம் அறிக்கையைக் காட்டியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க வீட்டுக்கும் இதே மூட்டையிலதாங்க அம்மணி எடுத்துட்டுப் போனேன்" என்றார். அவருக்கு ஒரு பேரன், ஒரு பேத்தி. அவர் யாரிடம் வாங்கினார், அந்த மொத்த வியாபாரி எந்த மண்டியில் எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே போனதில் இரண்டாவது ஆளிடமே ரசீது நின்றுபோனது. பிறகு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கடையிலிருந்து அலுவலர் எடுக்கும் மாதிரிதான் செல்லும் என்றார்கள். அலுவலர் வந்தபோது அந்த மூட்டை விற்றுத் தீர்ந்திருந்தது. எத்தனை வீடுகளுக்குப் போயிற்று என்பதற்கு எங்கும் கணக்கில்லை.

வாங்குபவரே பணம் கட்டிச் சோதிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவில் தந்திருக்கிறது. அந்தப் பிரிவையும் படித்துவிட்டேன், ஐயா. பொருளைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டுமாம். இரண்டு வருடம் நம்பிச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு, பிள்ளையின் இரத்தத்தில் இருப்பது தெரியவந்த ஒருத்தி, இரண்டு வருடத்துக்கு முன்னால் போய் அந்தக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வாள்?

ஆகவேதான் கேட்கிறேன்: சந்தைக்கு வரும் மஞ்சளில் காரீயத்தை அளந்து பாருங்கள், அளந்ததை வெளியே சொல்லுங்கள். நிறம் உண்டா இல்லையா என்று பார்த்தால் போதாது. கிராமுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணாக வேண்டும். எந்தச் சந்தையில், எந்த மாதத்தில், எந்தச் சரக்கில் என்று தெரிய வேண்டும்.

தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் மஞ்சளைப் போட்டுப் பார்க்கும்படி மக்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நானும் செய்து பார்த்தேன். மிச்சமிருந்த ஒரு விரலியைப் போட்டதும், கிளறுவதற்கு முன்பே மஞ்சள் கோடு கோடாக இறங்கி டம்ளரின் அடியில் படிந்தது. பூச்சு கனமாக இருந்ததால் எனக்குத் தெரிந்தது. வரம்பைப் போல் மூன்று மடங்கு மட்டும் இருந்திருந்தால் என் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? அரைத்துக் குழம்பில் போட்ட பிறகு யாருக்குத் தெரியும்? காரீயத்துக்கு ருசியும் வாசமும் இல்லை. எக்ஸ்ரே கதிரைக் கொண்டு சில நிமிடங்களில் உலோகத்தை அளக்கும் கைக்கருவி இருக்கும் காலத்தில், அந்த வேலையைச் சமையலறை டம்ளரிடம் ஒப்படைப்பது முறையல்ல.

செய்ய முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. வங்கதேசம் செய்து காட்டியிருக்கிறது. அங்கே 1980களில் வெள்ளத்தில் நனைந்து கறுத்துப்போன மஞ்சளுக்கு நிறமேற்றத் தொடங்கிய பழக்கம் நாடெங்கும் பரவியது. கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் காரீயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், இரத்தத்தில் உள்ள காரீயத்தின் ஐசோடோப்பை, அதாவது அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் அணு அடையாளத்தை, ஒப்பிட்டுப் பார்த்து மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019இல் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாள்களில் எச்சரிக்கை வெளியிட்டது. டாக்காவின் மொத்தச் சந்தையில் கைக்கருவியோடு இறங்கி, அங்கேயே அளந்து, வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. அந்த ஆண்டு 47 விழுக்காடு மாதிரிகளில் காரீயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. அரைவை ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்திலும் குறைந்தது. இரண்டே ஆண்டு. நம்மைவிடச் சிறிய நாடு.

நம் பக்கம் சும்மா இருப்பதற்கில்லை என்பதும் தெரிந்ததே. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளின் 23 நகரங்களில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் வாங்கிய 356 மாதிரிகளை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏழில் ஒரு மாதிரியில் காரீயம் கண்டறியப்பட்டது. பாட்னாவில் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டியது. அது பீகார் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது, மஞ்சள் மூட்டை மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நாம் பெருமைப்பட்டோம். பத்து மாதம் நீர் கட்டி, வெட்டி, வேகவைத்து, காயவைத்துக் கொண்டுவரும் விவசாயி, சாயம் பூசிய சரக்கோடு நிறத்தில் போட்டி போட முடியாமல் ஏலத்தில் தோற்றுப் போகிறார். காரீயத்தை அளந்து சொன்னால் முதலில் காப்பாற்றப்படுவது அவர்தான்.

ஒவ்வொரு கோடையிலும் கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த மாம்பழங்களைக் கொட்டி அழிக்கும் படங்கள் செய்தியில் வருகின்றன. மீனில் பார்மலின் சோதிக்கிறார்கள், பழச்சாற்றில் சாயம் பார்க்கிறார்கள். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணால் பார்க்கக்கூடிய, படம் எடுக்கக்கூடிய கலப்படத்துக்குக் கிடைக்கும் கவனம், சாப்பிட்ட அன்று எதுவும் செய்யாமல் பத்து வருடம் கழித்து வேலை காட்டும் நஞ்சுக்குக் கிடைப்பதில்லை. பள்ளியில் பாடம் ஏறாத குழந்தையை மந்தம் என்று வாத்தியார் அடிக்கிறார். நாற்பது வயதில் இரத்த அழுத்தம் ஏறியவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறோம். சிறுநீரகம் கெட்டால் தலைவிதி என்கிறோம். இதில் எத்தனை பேர் காரீயத்தால் கெட்டவர்கள் என்று யார் பார்த்தார்கள்? கோபம் வந்து எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும்.

என் மகளின் அளவு இப்போது 11க்கு இறங்கியிருக்கிறது. மஞ்சளை நிறுத்தியதற்கே இவ்வளவு பலன். ஆனால் இரத்தத்தில் இறங்கினாலும், கால்சியம் என்று எண்ணி எலும்பு வாங்கி வைத்துக்கொண்டது பல பத்தாண்டுகள் உள்ளேயே கிடக்குமாம். நாளை அவள் பெரியவளாகிக் கருவுறும்போது, குழந்தைக்காக அவள் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். அதோடு இந்தக் காரீயமும் கரைந்து தொப்புள்கொடி வழியே போகும். நான்கு வயதில் நான் கொடுத்த மஞ்சள்பால், இன்னும் பிறக்காத என் பேரப்பிள்ளை வரைக்கும் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு, அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளிடமிருந்து இரத்தம் எடுக்கிறார்கள். முதல் தடவை நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தினார்கள். இப்போது அந்தக் கட்டடத்தின் படியைப் பார்த்ததுமே கையிரண்டையும் பாவாடைக்குள் மறைத்துக்கொள்கிறாள். இதையும் எங்களால் முடிகிறது என்பதால் செய்கிறோம். கடைக்காரர் தன் பேரப்பிள்ளைகளுக்கு எங்கே பார்க்கலாம் என்று கேட்டபோது, பேருந்துக் காசையும் சோதனைக் கட்டணத்தையும் சேர்த்துச் சொல்லத்தான் என்னால் முடிந்தது. 2023இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நான்கு குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கூடியதிலிருந்துதான், பட்டை கலந்த ஆப்பிள் கூழில் லெட் குரோமேட் இருந்தது பிடிபட்டது. அங்கே சிறு குழந்தைகளுக்கு இந்தச் சோதனை வழக்கமாக இருப்பதால் பிடிபட்டது. இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. மருந்து கொடுத்தும் ஏறாத குழந்தைகளுக்காவது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இந்தச் சோதனை கிடைக்கும்படி, தாங்கள் பொது சுகாதாரத் துறையோடு கலந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி நான் கேட்பது முன்பு கேட்டதேதான். மஞ்சளில் காரீயத்தை அளந்து பாருங்கள், அளந்ததை வெளியே சொல்லுங்கள். வரம்பு மீறிய சரக்கு கிடைத்தால் சில்லறைக் கடையோடு நின்றுவிடாமல், ரசீதைப் பிடித்துப் பின்னோக்கிப் போய், கிழங்கைப் பாலீஷ் போடும் இடம் வரை பாருங்கள். சாயம் ஏறுவது அங்கேதான். அறுவடை முடிந்து தை, மாசியில் புது மஞ்சள் வரத் தொடங்கும். அதற்கு முன்பே கருவிகள் மொத்தச் சந்தைகளுக்குப் போய்ச் சேர ஆணையிட வேண்டும்.

என்னிடம் இன்னும் ஏழு விரலிகள் மிச்சமிருக்கின்றன. பாட்டிலில் போட்டு, வாங்கிய தேதி எழுதி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு ஆய்வக அறிக்கைகளும், மகளின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள் நான்கும் கோப்பில் உள்ளன. தங்கள் அலுவலகத்திலிருந்து யாரை அனுப்பினாலும் கொடுக்கிறேன். வரச் சொன்னால் நானே கொண்டு வருகிறேன். மார்ச்சில் அவளுக்கு அடுத்த சோதனை. அதற்குள் தங்களிடமிருந்து ஒரு வரி பதில் கிடைத்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஈரோட்டுப் பக்கத்துத் தாய் ஒருத்தி