டாம் ஃபின்னியை விசுவாசின்னு சொல்றதுக்கு முன்னாடி: இங்கிலிஷ் ஃபுட்பால் லீகுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலிஷ் ஃபுட்பால் லீக் நிர்வாகத்துக்கு வணக்கம்.

உங்க ஆபீஸே பிரெஸ்டன்ல தான் இருக்கு, அதனால 1940, 50கள்ல அந்த ஊர் கிளப் பிரெஸ்டன் நார்த் எண்டுக்கு ஆடின டாம் ஃபின்னி யாருன்னு நான் உங்களுக்கு சொல்லித்தர வேண்டியதில்ல. அந்த கிளப்போட டீப்டேல் ஸ்டேடியம் வெளிய 2004ல வச்ச அவர் சிலையை தினமும் கூட பாத்திருப்பீங்க. 1956ல செல்சி கிரவுண்டு மழைத்தண்ணில குளமா கிடக்க, மனுஷன் பந்தோட சறுக்கிக்கிட்டு போறார், உடம்பு ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கு, சுத்தி தண்ணி தெறிக்குது, அந்த போட்டோவை பாத்து செஞ்ச சிலை. எனக்கு ரொம்ப பிடிச்ச ஃபுட்பால் போட்டோ அதுதான்.

நான் எழுதுறது வேற விஷயத்துக்கு. ஒரு பிளேயர் காசுக்காக கிளப் மாறினா உடனே ஃபின்னி பேரைத்தான் இழுக்குறாங்க, "பாருங்கப்பா, அவர் கடைசி வரைக்கும் ஒரே கிளப்ல ஆடினார், விசுவாசம்னா அது"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1952ல நடந்ததை யாரும் முழுசா சொல்றதில்ல.

அந்த வருஷம் இங்கிலாந்து டீமோட இத்தாலி போயிருந்தப்ப பலெர்மோ கிளப்போட தலைவர், ஒரு இளவரசர், ஃபின்னியை கூப்பிட்டார். கையெழுத்து போட்டா 10,000 பவுண்டு, மாசம் 130 பவுண்டு சம்பளம், அதுக்கு மேல போனஸ், வீடு, கார். அப்போ உங்க லீக் வச்சிருந்த உச்ச சம்பளம் வாரத்துக்கு 14 பவுண்டு, அதுக்கு மேல ஒரு பைசா யாருக்கும் குடுக்கக் கூடாது. கணக்கு போட்டு பாருங்க, அந்த 10,000ங்கிறது அவரோட 13 வருஷ சம்பளத்துக்கும் மேல. இங்கிலாந்தோட தலைசிறந்த விங்கர்கள்ல (ஓரத்துல ஓடி ஆடுறவங்க) ஒருத்தர், ரெண்டு காலாலயும் ஆடுவார், ஆனா குடும்பத்துக்காக பிளம்பிங் தொழிலையும் கூடவே நடத்திக்கிட்டு இருந்தார்.

ஊருக்கு வந்து கேட்டார். பிரெஸ்டன் கிளப் முடியாதுன்னுடுச்சு. அதோட கதை முடிஞ்சுது, ஏன்னா காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் பிளேயரோட ரெஜிஸ்ட்ரேஷனை கிளப் கையில வச்சுக்கலாம், விடலைன்னா அவன் வேற எங்கயும் ஆட முடியாதுங்கிறது உங்க ரூல். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1950ல, கொலம்பியாவுல ஆடக் கிளம்பிப் போன இங்கிலாந்து டிஃபெண்டர் நீல் ஃபிராங்க்ளின் திரும்பி வந்தப்ப சஸ்பெண்ட் பண்ணாங்க, அதுக்கப்புறம் அவர் இங்கிலாந்துக்கு ஆடவே இல்ல. இதெல்லாம் தெரிஞ்ச ஒரு மனுஷன் என்ன பண்ணுவான் சொல்லுங்க.

அவர் அப்படியே ஆடினார். 433 லீக் மேட்ச், 187 கோல், இங்கிலாந்துக்கு 76 மேட்ச்ல 30 கோல். 1953ல ஆர்சனலும் பிரெஸ்டனும் ஒரே பாயிண்ட்ல நின்னு, கோல் ஆவரேஜ்ல (அடிச்ச கோலை வாங்கின கோலால வகுக்குற கணக்கு) லீக் டைட்டில் ஆர்சனலுக்கு போச்சு. அடுத்த வருஷம் எஃப்.ஏ. கப் ஃபைனல்ல பிரெஸ்டனுக்கு தோல்வி. 1960ல ஷூவை கழட்டினார், அடுத்த சீசனே பிரெஸ்டன் முதல் டிவிஷன்லேர்ந்து இறங்கிடுச்சு, இன்னிக்கு வரைக்கும் மேல வரல. அந்த டீமை அவர் எவ்வளவு சுமந்தார்னு இதுக்கு மேல என்ன சொல்ல. அவர் ரிடையர் ஆன மறு வருஷம் 1961 ஜனவரில சம்பள உச்சவரம்பும் போயிடுச்சு, ஃபுல்ஹாமோட ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு. 1963ல, தன்னை விடாத நியூகாசில் கிளப் மேல பிளேயர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் போட்ட கேஸ்ல, பிளேயரை பிடிச்சு வைக்கிற அந்த ரிட்டெயின் ரூல் நியாயமில்லன்னு ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு. ஃபின்னிக்கு மட்டும் எல்லாமே லேட்டு.

கிளப் போன்னு சொல்லியிருந்தாலும் அவர் பிரெஸ்டனை விட்டு போயிருக்க மாட்டார்னு சிலர் சொல்லலாம். இருக்கலாம், பொறந்த ஊர், அவருக்கு ஊர் மேல அவ்வளவு பாசம். ஆனா அதை முடிவு பண்ற உரிமை அவர்கிட்ட இல்லையே, அதுதான் எனக்கு மனசு கேக்கல.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஃபின்னியைப் பத்தி நீங்க எங்க எழுதினாலும், சின்னப் பசங்களுக்கு எங்க சொன்னாலும், 1952ல பலெர்மோ கூப்பிட்டதையும் உங்க ரூல் அவரை போக விடாததையும் சேத்து, உங்க லீக் பேரிலயே எழுதுங்க. அந்த சிலைகிட்ட ஒரு சின்ன பலகை வச்சாலும் போதும், உங்க ஆபீஸ்லேர்ந்து ரொம்ப தூரம் கூட இல்ல.